ஆழமான தண்ணீரைக் கடந்த வண்டி: கியர்பாக்ஸுக்குள் தண்ணீர் போகுமா, போனால் என்ன செய்வது?

நீங்கள் எழுதியதை நான் புரிந்துகொண்டபடி சொல்லிவிடுகிறேன். மேனுவல் கியர் கார். ஒரு மணி நேரத்துக்கு மேல் நல்ல வேகத்தில் ஓட்டி வந்த பிறகு, கதவின் கீழ்விளிம்பைத் தொடும் அளவு தண்ணீர் நின்ற சாலையில் சுமார் 200 மீட்டர் கடந்திருக்கிறீர்கள். முன்னால் வண்டிகள் நின்றதால் நடுவில் ஐந்து நிமிடம் தண்ணீரிலேயே நிற்க வேண்டியிருந்தது. இன்ஜின் அணையவில்லை. வீட்டுக்கு நல்லபடியாக வந்து சேர்ந்துவிட்டீர்கள். இப்போது மூன்று வாரம் கழித்து, காலையில் முதல் கொஞ்ச நேரம் கியர் இறுக்கமாக விழுகிறது. வேகம் கூடும்போது மெல்லிய ஊளைச் சத்தம் ஒன்று கேட்கிறது. மெக்கானிக்கோ, “இன்ஜினே நிற்கவில்லை, கியர்பாக்ஸ் மூடின பெட்டி, அதில் எப்படித் தண்ணீர் போகும்” என்கிறார். தண்ணீர் போகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் நீங்கள் தெரிந்துகொள்ள விரும்புவது அதற்கு அடுத்தது என்று தோன்றுகிறது: பிரிக்காமலே இதை எப்படி உறுதி செய்வது, ஆயில் மாற்றினால் போதுமா, இல்லை கியர்பாக்ஸை இறக்கித்தான் ஆக வேண்டுமா?

கியர்பாக்ஸ் இறக்கிப் பிரித்துக் கட்டும் வேலையில் இருபது வருடத்துக்கு மேல் இருக்கிறேன். தண்ணீர் புகுந்த பெட்டிகள் என் மேஜைக்கு வந்ததில் பெரும்பாலானவை தண்ணீரைக் கடந்த மறுநாள் வந்தவை அல்ல. இரண்டு மாதம், மூன்று மாதம் கழித்து, சத்தம் பொறுக்க முடியாமல் போன பிறகு வந்தவை. அதனால் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், மற்றதைப் பொறுமையாகப் படியுங்கள்: இந்த வாரத்துக்குள் அந்த ஆயிலைக் கண்ணால் பாருங்கள். பார்க்கும் வரை வண்டியை அதிகம் ஓட்ட வேண்டாம்.

இப்போது “மூடின பெட்டி” என்ற பேச்சுக்கு வருவோம். கியர்பாக்ஸ் முழுக்க மூடியது அல்ல, அப்படி இருக்கவும் முடியாது. ஓடும்போது உள்ளே இருக்கும் ஆயிலும் காற்றும் சூடேறி விரியும். அந்த அழுத்தம் வெளியேற வழி இல்லையென்றால், சுழலும் தண்டு வெளியே வரும் இடத்தை அடைக்கும் ரப்பர் வளையங்களான ஆயில் சீல்களைத் தள்ளிக்கொண்டு ஆயில் கசியும். அதற்காகவே பெட்டியின் மேல்பக்கத்தில் ப்ரீதர் என்ற சின்ன மூச்சுக்குழல் ஒன்று வைத்திருப்பார்கள். சில வண்டிகளில் அது ஒரு சின்னத் தொப்பி மட்டுமே. சிலவற்றில் ரப்பர் குழாய் கொடுத்துக் கொஞ்சம் உயரத்துக்குக் கொண்டு போயிருப்பார்கள். சூடேறினால் மூச்சு விடும், ஆறினால் மூச்சு இழுக்கும். சாலையில் இழுக்கும் போது காற்று வரும். தண்ணீருக்குள் இழுத்தால் தண்ணீர்தான் வரும்.

இதில் எவ்வளவு விசை இருக்கிறது என்று ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். நெடுந்தூரம் ஓடிய பெட்டிக்குள் காற்று 80 டிகிரி செல்சியஸில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அது தண்ணீரில் மூழ்கி 30 டிகிரிக்கு இறங்கினால், காற்றின் கொள்ளளவு ஏறக்குறைய 14 சதவீதம் சுருங்கும். உள்ளே ஒரு லிட்டர் காற்று இருந்தால் 140 மில்லி அளவுக்கு வெளியிலிருந்து எதையாவது இழுத்தாக வேண்டும். இழுக்க வழியே இல்லாமல் அடைத்துக்கொண்டால், உள்ளே உண்டாகும் வெற்றிட இழுப்பு ஏறக்குறைய 1.4 மீட்டர் உயரத் தண்ணீரின் அழுத்தத்துக்குச் சமம். நீங்கள் கடந்த தண்ணீர் அரை மீட்டர் கூட இருந்திருக்காது. தண்ணீரின் ஆழம் வெளியிலிருந்து தள்ளுவதை விட, சூடான பெட்டி திடீரென்று ஆறி உள்ளிருந்து இழுப்பது ஏறக்குறைய மூன்று மடங்கு இருக்கும். அதனால்தான் ஒரு மணி நேரம் ஓட்டி வந்ததும், தண்ணீரில் ஐந்து நிமிடம் நின்றதும் எனக்குத் தண்ணீரின் உயரத்தை விட முக்கியமாகப் படுகின்றன. காலையில் கிளப்பிய குளிர்ந்த வண்டி அதே 200 மீட்டரை நிற்காமல் கடந்திருந்தால் நான் இவ்வளவு கவலைப்பட மாட்டேன்.

ப்ரீதர் தண்ணீருக்கு மேலேயே இருந்திருந்தால் என்ன? ப்ரீதர் சுத்தமாக இருந்தால் அது காற்றை இழுத்துக்கொள்ளும், பிரச்சினை பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும். ஆனால் சில வருடம் ஓடிய வண்டிகளில் ப்ரீதர் தொப்பி மண்ணும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்து அடைந்திருப்பதை அடிக்கடி பார்க்கிறேன். அப்போது இழுப்பு முழுவதும் ஆயில் சீல்கள் மேல் போகும். ஆயில் சீலின் உதடு உள்பக்கம் பார்த்தபடி இருக்கும். உள்ளே அழுத்தம் கொஞ்சம் கூடினால் அது தண்டை இன்னும் இறுக்கிப் பிடிக்கும். வெளியிலிருந்து அழுத்தம் வந்தால் அதே உதடு தண்டை விட்டு விலகும். ஆயிலை உள்ளே வைத்திருக்கச் செய்த பொருள் அது. தண்ணீரை வெளியே நிறுத்துவதற்குச் செய்தது அல்ல. முன்சக்கர இழுவை கார்களில், சக்கரங்களைச் சுழற்றும் தண்டுகளான டிரைவ் ஷாஃப்ட்களின் இரண்டு சீல்களும் கிட்டத்தட்ட சக்கர மையத்தின் உயரத்தில் இருக்கும். கதவின் கீழ்விளிம்பு நனைந்தது என்றால் அவை மூழ்கித்தான் இருந்திருக்கும்.

இன்ஜின் நிற்கவில்லை என்பது இங்கே எதையும் நிரூபிக்காது. இன்ஜின் காற்று இழுக்கும் வாய் பானெட்டின் மேல்பகுதியில், கியர்பாக்ஸை விட நன்றாக உயரத்தில் இருக்கும். அங்கே தண்ணீர் எட்டவில்லை என்பதைத்தான் அது சொல்கிறது. கீழே என்ன நடந்தது என்பதற்கு அது சாட்சி ஆகாது. உங்கள் மெக்கானிக்கைக் குறை சொல்லவில்லை. இன்ஜினுக்குத் தண்ணீர் போகாத வண்டியைப் பார்த்து நிம்மதி அடைவது இந்தத் தொழிலில் இருக்கும் எல்லோருக்கும் இயல்பு.

சரி, உறுதி செய்வது எப்படி? வண்டியை இரவு முழுக்க சமதளத்தில் நிறுத்தி வையுங்கள். காலையில் ஸ்டார்ட் செய்யாமல் வேலையைத் தொடங்குங்கள். லிஃப்ட்டில் ஏற்றியோ, ஸ்டாண்டுகள் மேல் நான்கு பக்கமும் சமமாக நிறுத்தியோ செய்யுங்கள். ஜாக்கை மட்டும் நம்பி யாரும் அடியில் போகக் கூடாது. முதலில் கழற்ற வேண்டியது ஆயில் ஊற்றும் ஃபில்லர் பிளக். டிரெயின் பிளக்கை முதலில் கழற்றி ஆயிலை எல்லாம் இறக்கிவிட்டு, அப்புறம் ஃபில்லர் பிளக் துருப்பிடித்து அசையாமல் நின்ற வண்டிகள் உண்டு. அப்போது வண்டி நகர முடியாமல் நடு ஷெட்டில் கிடக்கும். ஃபில்லர் பிளக்கைத் திறந்ததும் கவனியுங்கள். நிறைய மேனுவல் பெட்டிகளில் அந்தத் துளையின் கீழ்விளிம்புதான் ஆயில் மட்டம். வண்டி சமமாக நிற்கும்போது திறந்த உடனே ஆயில் வழிந்து கொட்டினால், உள்ளே இருக்க வேண்டியதை விட அதிகமாக ஏதோ இருக்கிறது. யாரும் கூடுதலாக ஊற்றவில்லை என்றால் அந்த ‘ஏதோ’ தண்ணீராகத்தான் இருக்கும்.

அடுத்து டிரெயின் பிளக். இதை ஒரேயடியாகக் கழற்றாதீர்கள். கீழே ஒரு கண்ணாடிக் குடுவையோ, ஒளி ஊடுருவும் பாட்டிலோ பிடித்துக்கொண்டு, பிளக்கை மெதுவாகத் தளர்த்தி, சொட்டுப் போடும் அளவு மட்டும் திறந்து நிறுத்துங்கள். தண்ணீர் ஆயிலை விடக் கனமானது. இரவெல்லாம் அசையாமல் நின்றிருந்தால் பிரியக்கூடிய தண்ணீர் அடியில் இறங்கியிருக்கும். அப்படி இருந்தால் முதலில் வருவது ஆயில் மாதிரியே இருக்காது. பிளக்கின் விளிம்பில் சளசளவென்று, மண் நிறத்தில், விரலில் பிசுபிசுப்பே இல்லாமல் சொட்டும். கொஞ்ச நேரம் கழித்து சொட்டு நீளும், கனக்கும், கியர் ஆயிலின் அந்தக் கந்தக வாடை வரும். அந்த மாற்றத்தை ஒருமுறை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். முதல் அரை டம்ளரை ஒரு பாட்டிலில் பிடித்து மூடி வைத்துவிடுங்கள். பின்னால் யாருக்காவது காட்ட வேண்டி வந்தால் அதுதான் உங்கள் ஆதாரம்.

ஆனால் நீங்கள் மூன்று வாரம் ஓட்டிவிட்டீர்கள். அதனால் தண்ணீர் தனியாக நிற்காமல் பற்சக்கரங்கள் கடைந்து ஆயிலோடு கலந்து போயிருக்கவே வாய்ப்பு அதிகம். அப்படிக் கலந்த ஆயில் பால் விட்ட காபி மாதிரி இருக்கும். ரொம்பத் தண்ணீர் என்றால் மோர்க்குழம்பு மாதிரி வெளுத்துத் தடித்துவிடும். இந்த நிறத்தைப் பார்த்தால் சந்தேகத்துக்கு இடமில்லை. ஒரே ஒரு ஏமாற்றம் உண்டு: இப்போதுதான் ஓடி வந்த பெட்டியின் ஆயிலில் காற்றுக் குமிழ் நுரைத்து, அதுவும் வெளுப்பாகத் தெரியலாம். பாட்டிலில் ஒரு மணி நேரம் வையுங்கள். நுரை என்றால் தெளிந்துவிடும், தண்ணீர் என்றால் கலங்கலாகவே நிற்கும்.

இதற்கு நேர்மாறாக, ஆயில் தெளிவாக இருந்தால் தண்ணீரே இல்லை என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆயிலில் கொஞ்சம் தண்ணீர் கரைந்து கண்ணுக்குத் தெரியாமல் இருக்க முடியும். அதற்கு எளிய சோதனை ஒன்று இருக்கிறது. ஒரு இரும்புத் தகட்டை, தண்ணீர் கொதிக்கும் சூட்டை விட நன்றாகக் கூடுதலாக, 150 டிகிரி வாக்கில் சூடாக்கி, அதன் மேல் ஒரு சொட்டு ஆயிலை விடுங்கள். தண்ணீர் இருந்தால் தாளிக்கும்போது கடுகு பொரிவது போலப் படபடவென்று வெடித்துக் குமிழ் வரும். இல்லையென்றால் சத்தமில்லாமல் பரவும். கண்ணுக்குக் கண்ணாடியும் கைக்கு உறையும் போட்டுக்கொண்டு, திறந்த வெளியில், தணலின் பக்கத்தில் ஆயில் பாத்திரம் எதையும் வைக்காமல் செய்யுங்கள். இந்தச் சோதனை “இருக்கிறது” என்று சொன்னால் நம்பலாம். எவ்வளவு என்று அளந்து சொல்லாது. துல்லியமாகத் தெரிய வேண்டுமானால் ஆயில் பரிசோதிக்கும் ஆய்வகத்துக்குத்தான் கொடுக்க வேண்டும். ஆனால் கார் கியர்பாக்ஸில் இருப்பது இரண்டு லிட்டர் சொச்சம் ஆயில். சந்தேகம் வந்தாலே மாற்றிவிடுவதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

டிரெயின் பிளக்கின் நுனியில் காந்தம் இருந்தால் அதையும் பாருங்கள். சாம்பல் நிறத்தில் களிம்பு மாதிரி ஒட்டியிருப்பது இயல்பான தேய்மானம், எல்லாப் பெட்டியிலும் இருக்கும். விரலில் தேய்த்தால் மணல் மாதிரி நெருடினாலோ, செதில் செதிலாக இரும்புத் துண்டு இருந்தாலோ, செம்பழுப்பில் துருத்தூள் இருந்தாலோ அது வேறு கதை.

தண்ணீர் இருந்தால் உள்ளே என்ன கெடுகிறது என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் “அதான் நன்றாக ஓடுகிறதே” என்று தள்ளிப்போடுவது அங்கேதான் தொடங்குகிறது. பற்சக்கரங்கள் கொஞ்சம் தாங்கும். தாங்காதது, சுழலும் தண்டுகளைப் பிடித்திருக்கும் பேரிங். உருளையும் அது ஓடும் வளையமும் தொடும் இடம் மிகச் சின்னது, அழுத்தமோ மிகப் பெரியது. அந்த இடத்தில் இரண்டையும் பிரித்து வைப்பது மயிரிழையை விட மெல்லிய ஆயில் படலம். தண்ணீரால் அந்த வேலையைச் செய்ய முடியாது. ஆயிலில் ஒரு சதவீதத்துக்கும் குறைவான தண்ணீரே பேரிங்கின் ஆயுளைக் கணிசமாகக் குறைத்துவிடும். அதை விட மோசம், வண்டி நிற்கும் நேரம். ஓடும்போது எல்லா இடமும் ஆயிலில் நனைந்துகொண்டே இருக்கும். நின்றவுடன் தண்ணீர் அடியில் இறங்கி, உருளைக்கும் வளையத்துக்கும் நடுவில் தேங்கி, அங்கேயே துரு பிடிக்கும்.

ஒரு வண்டி தண்ணீரில் போய் வந்த பிறகு ஓடாமல் வாரக்கணக்கில் நின்றிருந்தால், பேரிங்கைப் பிரித்ததுமே தெரிந்துவிடும். வெளிவளையத்தின் உள்பக்கத்தில், அடிப்பாகத்தில் மட்டும், சீப்பால் கோடு கிழித்தது போல வரிசையாகக் கறுத்த கோடுகள் இருக்கும். கோட்டுக்கும் கோட்டுக்கும் உள்ள இடைவெளி உருளைக்கும் உருளைக்கும் உள்ள இடைவெளி. எந்த உருளை எங்கே நின்றதோ அங்கேயே வளையம் அரித்திருக்கிறது. நகத்தால் தடவினால் ஒவ்வொரு கோட்டிலும் தட்டும். அந்தக் கோடுகளை எந்த ஆயிலாலும் அழிக்க முடியாது. ஒவ்வொரு சுற்றிலும் உருளைகள் அதில் இடறி, இடறிய இடத்தில் உலோகம் உதிர்ந்து, ஊளை மெல்ல மெல்லக் கூடும். தேங்கியது உப்புத் தண்ணீர் என்றால் இந்த அரிப்பு இன்னும் வேகமாக நடக்கும். வண்டல் கலந்த வெள்ளத் தண்ணீர் என்றால் நுண்மணல் வேறு உள்ளே போய் உப்புத்தாள் வேலை பார்க்கும்.

இனி உங்கள் இரண்டு அறிகுறிகள். இதில் நான் உறுதியாகச் சொல்லக்கூடியதும் ஊகிப்பதும் வேறு வேறு. காலையில் கியர் இறுக்கம் என்பது தண்ணீர் கலந்த ஆயிலோடு நன்றாகப் பொருந்துகிறது. கலந்த ஆயில் சுத்தமான ஆயிலை விடத் தடித்துவிடும். கியர் மாறும்போது வேகத்தைச் சமன் செய்யும் சிங்க்ரோ வளையம், ஆயில் படலத்தைக் கிழித்து கியரின் பக்கத்துக் கூம்பைப் பிடித்தால்தான் கியர் இழைந்து விழும். தடித்த ஆயில் சூடேறி இளகும் வரை அது திணறும். ஆனால் இதே அறிகுறி வேறு இரண்டு இடத்திலிருந்தும் வரலாம். கியர் லிவரின் கேபிளிலோ இணைப்பிலோ தண்ணீர் புகுந்து துருப்பிடித்திருக்கலாம். கிளட்ச் இருக்கும் கூடான பெல் ஹவுசிங்குக்குள் போன தண்ணீரால் கிளட்ச் தட்டு துருவேறி, முழுக்க விலகாமல் இழுத்துக்கொண்டு ஓடலாம். பிரித்தறிய ஒரு வழி: காலையில் இன்ஜின் அணைந்திருக்கும்போதே கிளட்சை மிதித்து எல்லா கியரும் போட்டுப் பாருங்கள். அப்போதும் இறுக்கமாக இருந்தால் பெட்டியின் உள்ளேயோ இணைப்பிலோ கோளாறு. இன்ஜின் அணைந்தபோது எளிதாக விழுந்து, ஓடும்போது மட்டும் முரண்டு பிடித்தால், குறிப்பாக ரிவர்ஸ் கரகரவென்று விழுந்தால், கிளட்சைச் சந்தேகியுங்கள்.

ஊளைச் சத்தத்தை எழுத்தில் படித்து யாராலும் கண்டுபிடித்துவிட முடியாது. வண்டியில் உட்கார்ந்து கேட்க வேண்டிய விஷயம் அது. ஆனால் நீங்களே கொஞ்சம் வடிகட்டலாம். வண்டி நின்று, நியூட்ரலில் இன்ஜின் ஓடும்போது கேட்டு, கிளட்சை மிதித்ததும் மறைந்தால் அது இன்ஜின் விசை கியர்பாக்ஸுக்குள் வரும் தண்டான இன்புட் ஷாஃப்ட்டின் பேரிங் பக்கம். மாறாக மிதித்ததும் தொடங்கினால் கிளட்சை விலக்கும் ரிலீஸ் பேரிங். அதன் கிரீஸைத் தண்ணீர் கழுவிக்கொண்டு போவது சாதாரணமாக நடப்பது. எந்த கியராக இருந்தாலும் வண்டியின் வேகத்தோடு மட்டும் ஏறி இறங்கினால் இரண்டு பக்கச் சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரென்ஷியலின் பேரிங்காகவோ சக்கர பேரிங்காகவோ இருக்கும். அதிலும் வளைவில் ஒரு பக்கம் திருப்பும்போது கூடி, மறுபக்கம் திருப்பும்போது குறைந்தால், முதலில் சக்கர பேரிங்கைப் பாருங்கள். சக்கர பேரிங் கெட்டதற்குக் கியர்பாக்ஸைக் கழற்றிப் பார்த்த வண்டிகளை நான் கண்டிருக்கிறேன், பாவம், செலவு வண்டிக்காரருக்கு.

தண்ணீர் இருப்பது உறுதியானால் செய்ய வேண்டியது இதுதான். இருக்கும் ஆயிலை முழுக்க இறக்குங்கள், சொட்டு நிற்கும் வரை பொறுமையாக விடுங்கள். வண்டியோடு வந்த கையேட்டில் சொல்லியிருக்கும் அதே தரத்தில் புது ஆயில் ஊற்றுங்கள். 75டபிள்யூ-80 ஜிஎல்-4 (முதலாவது ஆயிலின் தடிமன், இரண்டாவது அதன் தர வகை) என்று போட்டிருந்தால் அதையே. கையில் இருக்கிறது என்று டிஃபரென்ஷியலுக்கான ஜிஎல்-5 ஆயிலை ஊற்றாதீர்கள், பித்தளை சிங்க்ரோ வளையங்களுக்கு அது ஒத்துவராமல் போகலாம். முதல் முறை ஊற்றுவது கழுவுவதற்கான ஆயில், அதனால் விலை கூடிய பிராண்டு தேவையில்லை, தரம் மட்டும் அதுவாக இருக்கட்டும். 30, 40 கிலோமீட்டர், எல்லா கியரிலும், மிதமாக ஓட்டுங்கள். பெட்டி சூடாக இருக்கும்போதே மறுபடி இறக்குங்கள். உள்ளே இருக்கும் குழிகளிலும் சுவர்களிலும் பழைய ஆயிலில் பத்தில் ஒரு பங்கு தங்கும் என்று வைத்துக்கொண்டால், ஒரு மாற்றில் தண்ணீர் பத்தில் ஒன்றாகும், இரண்டாவதில் நூற்றில் ஒன்றாகும். அதனால்தான் ஒரு தடவையோடு நிறுத்த வேண்டாம் என்கிறேன். இரண்டாவது தடவையும் கலங்கலாக வந்தால் மூன்றாவது. ஒவ்வொரு முறையும் பிளக்கின் வாஷரைப் புதிதாகப் போடுங்கள். ப்ரீதரைக் கழற்றி, சுத்தம் செய்து, வாயால் ஊதிப் பார்த்து மாட்டுங்கள். இதை விட்டுவிட்டால் அடுத்த மழைக்கு இதே கதை மறுபடி நடக்கும். டிரைவ் ஷாஃப்ட் சீல்களைச் சுற்றிப் புதிதாகக் கசிவு இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் இதே நேரத்தில் மாற்றிவிடுவது நல்லது.

“நல்லா சூடாக ஓட்டினால் தண்ணீர் ஆவியாகிப் போய்விடும்” என்று சொல்வார்கள். இன்ஜின் ஆயிலுக்கு இதில் உண்மை உண்டு. அது நன்றாகச் சூடாகிறது, ஆவியை இழுத்து வெளியேற்ற அதற்கென்று ஏற்பாடும் இருக்கிறது. கார் கியர்பாக்ஸ் வழக்கமான ஓட்டத்தில் 100 டிகிரியைத் தொடுவது அரிது, அதன் ஒரே வழி அந்தச் சின்ன ப்ரீதர். கிளம்பும் கொஞ்ச ஆவியும் வண்டி ஆறியதும் மேல்சுவரில் வேர்த்து உள்ளேயே சொட்டும். இதை நம்பி நாள் கடத்த வேண்டாம்.

மண்ணெண்ணெய் அல்லது டீசல் ஊற்றிக் கழுவுவது பற்றியும் கேட்டிருந்தீர்கள். இதில் தொழிலில் இருப்பவர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. சேறு நிறையப் புகுந்த பெட்டியில், சக்கரங்களைத் தூக்கி வைத்து, சும்மா சில நிமிடம் சுழல விட்டு இறக்கிவிடுபவர்கள் இருக்கிறார்கள். நான் செய்வதில்லை. டீசலின் படலம் பேரிங்குக்குப் போதாது. அதோடு குழிகளில் தங்கும் டீசல் புது ஆயிலை நீர்க்கச் செய்துவிடும். சேறு அந்த அளவுக்குப் போயிருந்தால் பெட்டியைப் பிரித்துக் கழுவுவதே முறை. டீசலை ஊற்றிச் சாலையில் ஓட்டுவதை மட்டும் யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

உங்களுடையது மேனுவல் என்பதால் இதுவரை அதையே பேசினேன். ஆட்டோமேட்டிக் வைத்திருப்பவர்கள் இதைப் படித்தால், உங்களுக்கு விஷயம் இன்னும் அவசரமானது. ஆட்டோமேட்டிக்கின் உள்ளே இருக்கும் கிளட்ச் தட்டுகளில் ஒட்டியிருப்பது காகிதம் போன்ற நாரிழைப் பொருள். அது ஆயிலை விடத் தண்ணீரை விரும்பி உறிஞ்சும். உறிஞ்சியதும் ஊறி, பசை இளகி, தட்டிலிருந்து உரிந்து வரும். அதன் அடியில் இருக்கும் எஃகுத் தகடும் துருப்பிடிக்கும். டிப்ஸ்டிக்கில் ஆயில் ரோஸ்மில்க் மாதிரி தெரிந்தால் வண்டியை ஸ்டார்ட் செய்யாமல், இன்ஜின் சுழற்றும் சக்கரங்கள் தரையில் படாதபடி தூக்கிக்கொண்டு போங்கள். ஒன்று கவனிக்க: ரேடியேட்டருக்குள் இருக்கும் ஆயில் கூலர் ஓட்டையானாலும் கூலன்ட் கலந்து இதே நிறம்தான் வரும். தண்ணீரில் இறங்காத வண்டியில் ரோஸ்மில்க் நிறம் வந்தால் முதலில் அங்கே பாருங்கள். சாதாரணமாக இறக்கும்போது ஆட்டோமேட்டிக்கில் பாதி ஆயில் கூட வராது, மீதி, இன்ஜின் விசையை ஆயில் வழியாகக் கடத்தும் டார்க் கன்வர்ட்டரிலும் கூலர் குழாயிலும் தங்கிவிடும். அதனால் மூன்று நான்கு தடவை மாற்ற வேண்டும், இல்லை இயந்திரம் வைத்து முழுக்கச் சுழற்றி மாற்ற வேண்டும். ஓட்டாமல் உடனே மாற்றிய வண்டிகள் பிழைத்துக்கொள்கின்றன. தண்ணீரோடு நாள்கணக்கில் ஓடிய ஆட்டோமேட்டிக், ஆயில் மாற்றிய பிறகு நன்றாக ஓடினாலும் சில மாதம் கழித்து நழுவ ஆரம்பிக்கலாம். அதற்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது, தருகிறேன் என்று சொன்னால் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

பின்சக்கர இழுவை, நான்கு சக்கர இழுவை வண்டிகளில் கியர்பாக்ஸோடு நிறுத்திவிடக் கூடாது. பின் ஆக்சிலின் டிஃபரென்ஷியல் கியர்பாக்ஸை விடத் தாழ்வாக இருக்கிறது, அதற்கும் தனி ப்ரீதர், தனி ஆயில். முன்சக்கரங்களுக்கும் பின்சக்கரங்களுக்கும் விசையைப் பிரிக்கும் ட்ரான்ஸ்ஃபர் கேஸும் அப்படியே. என் அனுபவத்தில் கியர்பாக்ஸ் தப்பித்து ஆக்சிலில் மட்டும் தண்ணீர் இருந்த வண்டிகள்தான் அதிகம். மின்சார வண்டிக்காரர்களும் தங்கள் வண்டியில் மோட்டாரோடு சேர்ந்த கியர் பெட்டி இருக்கிறது, அதிலும் ஆயில் இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம். அதை மட்டும் உயர் மின்னழுத்தப் பயிற்சி பெற்றவர்களிடம் விட்டுவிடுங்கள்.

“என் வண்டி 900 மில்லிமீட்டர் தண்ணீரில் போகும்” என்று விளம்பரத்தைக் காட்டுவார்கள். புது லேண்ட் ரோவர் டிஃபெண்டருக்கு அந்த அளவு சொல்லப்பட்டிருப்பது உண்மைதான். ஆனால் அத்தகைய வண்டிகளின் ப்ரீதர் குழாய்களை இதற்கென்றே உயரத்துக்குக் கொண்டுபோய் வைத்திருப்பார்கள். அந்த அளவும் மெதுவாக ஊர்ந்து போகும் வேகத்துக்குச் சொன்னது; வேகமாக இறங்கினால் முன்னால் அலை எழும்பி, சொன்ன அளவைத் தாண்டிவிடும். பழைய லேண்ட் ரோவர்களில் தண்ணீரில் இறங்கும் முன், இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் இருக்கும் ஃப்ளைவீல் ஹவுசிங்கின் அடித்துளையில் திருகி மூடுவதற்குத் தனியாக ஒரு பிளக்கே கொடுத்திருந்தார்கள், வெளியே வந்ததும் கழற்றிவிட வேண்டும். சாதாரணக் காரில் இப்படி எதுவும் கிடையாது. தண்ணீரைத் தவிர்க்க முடியாத நிலை மறுபடி வந்தால், கரையில் பத்து நிமிடம் நிறுத்தி, அடிப்பகுதி சூடு ஆறிய பிறகு இறங்குங்கள். முன்வண்டி முழுக்க வெளியேறும் வரை காத்திருந்து, நடுவில் நிற்காமல், கிளட்சை மிதிக்காமல், முதல் கியரிலேயே கடந்துவிடுங்கள்.

உங்கள் வண்டிக்கு என் கணிப்பு: இரண்டு முறை ஆயில் மாற்றியதும் காலை இறுக்கம் பெரும்பாலும் போய்விடும். ஊளை போகுமா என்பதில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. இப்போது அது எந்த வேகத்தில் தொடங்குகிறது, எவ்வளவு கேட்கிறது என்று ஃபோனில் பதிவு செய்து வையுங்கள். சுத்தமான ஆயிலோடு 500 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, அதே சாலையில் அதே வேகத்தில் மறுபடி பதிவு செய்து ஒப்பிடுங்கள். குறைந்திருந்தாலோ அப்படியே இருந்தாலோ ஓட்டிக்கொண்டே 1,000 கிலோமீட்டரில் ஒருமுறை ஆயிலையும் காந்தத்தையும் பாருங்கள். கூடியிருந்தால், சக்கர பேரிங்கைச் சோதித்து அதில் கோளாறு இல்லையென்று தெரிந்த பிறகு, கியர்பாக்ஸை இறக்கச் சொல்லுங்கள். அந்த நிலையில் இறக்கினால் பேரிங்குகளையும் சீல்களையும் மாற்றுவதோடு முடியும். உடைந்த உருளை பற்களுக்குள் விழுந்த பிறகு இறக்கினால் பெட்டியையே மாற்ற வேண்டி வரும். முதல் ஆயிலை இறக்கியதும் பாட்டிலைப் படம் எடுத்துப் போடுங்கள், பார்த்துவிட்டு அடுத்ததைச் சொல்கிறேன்.